பழைய எந்திரமும் பழுதான நினைவும்

கடந்துபோன காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மனிதனின் குரலே மாறிவிடுகிறது. கடுமையாகப் பேசுகிறவரும் கனிந்துவிடுகிறார்; கணக்குப் பார்த்துப் பேசுகிறவரும் வள்ளலாகிவிடுகிறார். அந்த நாளில் சோற்றுக்கு இருந்த சுவை, அந்த நாளில் சொல்லுக்கு இருந்த மதிப்பு, அந்த நாளில் செய்த பொருளுக்கு இருந்த உறுதி என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். அது பொய்யா என்றால் பொய்யன்று. முழுவதும் மெய்யா என்றால், ஆம் என்று உடனே சொல்வதற்கும் நாக் கூசுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம்: சாலை போடும் பழைய எந்திரங்கள்.

இலக்கிய ஏட்டில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்பவர் கேட்கட்டும். என் அத்தாவின் மூத்த சகோதரர், எங்கள் பெரியத்தா, வாழ்நாள் முழுவதும் அந்த இரும்போடுதான் இருந்தார். முதலில் நீராவி ரோடு இஞ்சினுக்கு நெருப்புப் போடும் ஆளாகச் சேர்ந்தார். பின்னர் அதன் ஓட்டுநரானார். 1983-ல் ஓய்வு பெறும்வரை கடைசி இருபதாண்டுகளுக்கு மேல் மோட்டார் கிரேடர் ஓட்டினார். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் படித்ததும், பெண்மக்களுக்குத் திருமணம் நடந்ததும் அந்த எந்திரங்கள் தந்த ஊதியத்தால்தான்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், செம்மண்ணும் கரிசலும் சந்திக்கும் பகுதியில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் சாலையோரங்களில் கப்பிக்கல் குவியல்கள் வந்து சேரும். சில நாள் கழித்துத் தொலைவில் கரும்புகை தெரியும். ஓதும் பள்ளியிலிருந்து திரும்புகிற பிள்ளைகள் அனைவரும் வீட்டை மறந்துவிட்டுச் சாலைக்கு ஓடுவோம். சிவப்புத் துணி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடப்பார். பின்னால் அந்தப் பெரிய இரும்பு உருவம் உறுமிக்கொண்டு வரும். நடக்கிறவரைவிட வேகமாக அது ஒருநாளும் போனதில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினால்தான், வேலை தொடங்கும் நேரத்துக்குக் கொதிகலனில் போதிய நீராவி ஏறும். கப்பியைப் பரப்பி, உலர்ந்த நிலையில் ஒருமுறை உருட்டி, மேலே செம்மண் சரளையைத் தூவி, தண்ணீர் ஊற்றி மீண்டும் மீண்டும் உருட்டுவார்கள். கல் கல்லைக் கவ்வி, இடுக்குகளை மண் நிரப்பி, முழுச் சாலையும் ஒரே பலகைபோல் இறுகிவிடும்.

பெரியத்தா ஓட்டிய இஞ்சினின் முன்புறத்தில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பித்தளைக் குதிரை இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டு அதைத் துலக்குவார். அதன் கீழிருந்த எழுத்துகளுக்குப் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து நான்தான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து ராச்செஸ்டர் நகரில் தாமஸ் ஏவ்லிங் என்பவர் 1860-களில் நீராவி உருளைகளைச் செய்யத் தொடங்கினார். பிரிட்டனில் மிகுதியான நீராவி உருளைகளைச் செய்தளித்தது அவருடைய ஏவ்லிங் அண்டு போர்ட்டர் நிறுவனந்தான். அந்தக் குதிரை கெண்ட் மாவட்டத்தின் சின்னம். ‘இன்விக்டா’ என்ற அந்தச் சொல்லுக்கு ‘வெல்லப்படாதது’ என்பது பொருள். நான் அதைச் சொன்னபோது பெரியத்தா சிரித்துக்கொண்டார். அப்போது அந்த இஞ்சினை டீசல் வென்றுவிட்டிருந்தது.

ரோடு இஞ்சின் அழுத்தும், கிரேடர் சீவும். முன்னே இரண்டு சக்கரங்கள், பின்னே நான்கு சக்கரங்கள், இடையே முதுகெலும்புபோல் ஒரு நீண்ட இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் அடியில் ஏறக்குறையப் பன்னிரண்டடி நீளமுள்ள வளைந்த அலகு. இதுதான் மோட்டார் கிரேடர். அலகைச் சாய்த்துப் பிடித்தால் மண் அலைபோல் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, நீண்ட வரப்பாகப் படியும். மண்ணின் எதிர்விசை வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அல்லவா? அதனைத் தாங்குவதற்காக முன் சக்கரங்கள், காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நடக்கும் மனிதனைப்போல் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாயும் சக்கரத்தை 1885-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஜோசப் ஆடம்ஸ் அமைத்தார். அந்நாளில் கிரேடருக்கு இஞ்சின் கிடையாது, குதிரைகள் இழுத்தன. பின்னால் ஒருவர் நின்றுகொண்டு பெரிய கைச்சக்கரங்களைத் திருப்பி அலகை ஏற்றவும் இறக்கவும் செய்வார். 1903-ல் மின்னசோட்டா மாநிலத்தில் ரஸ்ஸல், ஸ்டாக்லண்ட் என்ற இருவர் தொடங்கிய கிரேடர் நிறுவனத்தை 1928-ல் கேட்டர்பில்லர் நிறுவனம் வாங்கியது. 1931-ல், இஞ்சினும் அலகும் ஒரே உடலாக அமைந்த ‘ஆட்டோ பேட்ரோல்’ வந்தது. அதே ஆண்டின் இறுதியில்தான் அந்நிறுவனம் தன் சாம்பல் நிறத்தைக் கைவிட்டு மஞ்சளுக்கு மாறியது. இன்று உலகெங்கும் பெரிய எந்திரம் என்றாலே நம் கண்முன் வந்து நிற்கும் மஞ்சளுக்கு அதுதான் முக்கியமான தொடக்கம்.

சாலையை மட்டமாக்குவதுதான் கிரேடரின் வேலை என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரியத்தாவிடம் அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மட்டமாக இருக்கும் சாலையில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்ற சாலை ஒரு மழையைத் தாங்காது. நடுவே சற்று உயர்ந்து, இருபுறமும் சிறுகச் சிறுகச் சரிய வேண்டும். ஆனால் போகிறவன் கண்ணுக்கு மட்டம்போல் தோன்ற வேண்டும். அந்தச் சரிவை அவர் எந்தக் கருவியையும் கொண்டு பார்த்ததில்லை. நின்றுகொண்டே ஓட்டுவார், இடுப்பும் உள்ளங்காலும் அவருக்குச் சொல்லும். மேற்பார்வை அலுவலர் பிறகு வந்து மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் குறை காண முடியாது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பெருமையெல்லாம் சேர்ந்து, 1979-ல் என்னை ஒரு கட்டுரை எழுத வைத்தது. அப்போது எனக்கு எழுத்தில் புதிதாகப் பித்துப் பிடித்திருந்த காலம். ‘எந்திரத்தை நேசித்த மனிதர்’ என்ற கருத்தில், பித்தளைக் குதிரை, புளி, விடியற்கால நெருப்பு, கால்களாலேயே சரிவை அளக்கும் திறமை எல்லாவற்றையும் வைத்து எழுதினேன். ஒரு சிற்றிதழில் அது வெளிவந்தது. பெரியத்தா மகிழ்ந்தார்; தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டினார். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லி, வெற்றிலை இடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். அடுத்த முறை நான் போனபோது அவர் சொன்னது ஒரே ஒரு சொற்றொடர்:

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி. ஒங்க பெரியத்தாவுக்குக் காது கேக்காமப் போனதை மட்டும் எங்கே விட்டுட்டே?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பெரியத்தாவின் செவி மந்தமானது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. தலைக்குப் பின்னால் இஞ்சின் இரைய, நாள்தோறும் எட்டு மணி நேரம், இருபதாண்டுகள். காதில் வைக்க ஒரு பஞ்சுத் துண்டு கொடுத்தவர் இல்லை, அவரும் கேட்டதில்லை. பள்ளிவாசலிலிருந்து எழும் பாங்கு எங்கள் திண்ணையில் தெளிவாகக் கேட்கும், அவருக்குக் கேட்காது. ஒளூச் செய்த ஈரக் கைகளோடு தெருவில் ஆட்கள் நடப்பதைப் பார்த்துத்தான் எழுந்திருப்பார். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில், பேரப்பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுடைய கை பேரீச்சம்பழத்தை எடுத்தால்தான் இவர் கை கஞ்சிக் கோப்பைக்குப் போகும். இதையெல்லாம் நான் நேரில் கண்டிருக்கிறேன். கண்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று எண்ணி மறைக்கவுமில்லை. அந்தக் கட்டுரையில் அதற்கு இடமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கையையும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய கிரேடர்களில் அலகை இயக்கியது எண்ணெயழுத்தம் அன்று, பல்சக்கரம். இஞ்சினின் விசை தண்டுகள் வழியாக அலகுக்குப் போகும். வரிசையாக நிற்கும் நெம்புகோல்களில் ஒன்றைத் தள்ளினால் பல் பல்லைக் கவ்வி அலகு அசையும். அலகு ஒரு பாறையில் மோதிவிட்டாலோ, பற்கள் சரியாகக் கவ்வாமல் போனாலோ, நெம்புகோல் திருப்பி உதைக்கும். விரல் மொழியும் மணிக்கட்டும் அந்த உதையை வாங்கிக்கொள்ளும். அமெரிக்க ஓட்டுநர்களிடையேயும் இந்த உதையைப் பற்றிய கதைகள் ஏராளம். அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரியத்தாவின் வலது மணிக்கட்டு ஒருமுறை முறிந்து, சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. அவரும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

தன் துன்பத்தை ஒருவர் சிரித்துக்கொண்டு சொல்வது அவருடைய உரிமை. அவருடைய வீரம் என்றும் சொல்லலாம். ஆனால் அதனைக் கேட்டு எழுதுகிறவனுக்கும் அதே உரிமை உண்டா? நான் எண்ணிப் பார்த்தவரையில், இல்லை. வலியைப் பொறுத்தவர் அதைச் சிறிதாக்கிப் பேசினால் அது பெருந்தன்மை. பொறுக்காதவன் அதையே செய்தால் அது ஓரவஞ்சனை. சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது நம் வீடுகளில் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பாடம். வழக்கு மன்றத்தில் நிற்கும்போதுதான் நாம் சாட்சிகள் என்று நினைத்துக்கொள்கிறோம். பழங்கதை பேசும் திண்ணையிலும் நாம் சாட்சிகளாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

எந்திரங்களைப் பற்றிய நினைவில் இந்தக் குறை ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. 1942-ல் அமெரிக்கா, கனடா வழியாக அலாஸ்காவுக்கு ஒரு நெடுஞ்சாலை அமைத்தது. பனியும் சதுப்பும் காடும் நிறைந்த நிலத்தில் 1,500 மைலுக்கு மேற்பட்ட சாலை, சில மாதங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இராணுவத்தினரின் உழைப்பால் உருவானது. பழைய எந்திரங்களை விரும்புவோருக்கு அந்தச் சாலை ஒரு காவியம். புல்டோசரும் கிரேடரும் தம் திறமையை உலகுக்குக் காட்டிய இடம் அது. அவ்வாண்டு அக்டோபர் 25-ல் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த இரு புல்டோசர்கள் யூகான் பகுதியில் பீவர் கிரீக் அருகே நேருக்கு நேர் சந்தித்தன. ஒன்றை ஓட்டிவந்தவர் ரிஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பினத்தவர். மற்றதை ஓட்டிவந்தவர் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா என்ற வெள்ளையர். இருவரும் கைகுலுக்கும் காட்சி புகழ்பெற்றது.

அந்தக் காட்சியைப் பார்ப்பவர், எந்திரம் மனிதரைச் சமமாக்கிவிட்டது என்று மகிழ்வார். ஆனால் சாலை போட்ட இராணுவத்தினரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவர்; அவர்கள் தனிப் படைப்பிரிவுகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். 95-ஆம் பொறியாளர் படைப்பிரிவிடமிருந்த பெரிய எந்திரங்கள் வெள்ளையர் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டன. அவர்களுக்கு மண்வெட்டியும் கோடரியும் மிஞ்சின. அந்தக் கைக்கருவிகளைக் கொண்டே அவர்கள் சிக்கானி சீஃப் ஆற்றின் குறுக்கே மரப்பாலம் ஒன்றை நான்கு நாள்களுக்குள் கட்டி முடித்தார்கள். அமெரிக்க இராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-ல்தான் பிறந்தது. ஆகவே, ‘அந்தக் காலத்து எந்திரம்’ என்று நாம் உருகும்போது, அந்தக் காலத்தில் எந்திரம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டியிருக்கிறது. எந்திரத்தின் இரும்பில் அது எழுதியிராது.

மறுக்கப்பட்டவர்களையாவது பிற்காலத்தில் தேடி எழுதியவர்கள் உண்டு. எந்திரம் வந்ததால் மறைந்துபோனவர்களை யார் தேடுகிறார்கள்? சாலைக்குக் கப்பி போடும் முறையைச் செம்மைப்படுத்திய மக்காடம், கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்சுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தார். அந்த அளவுக்கு உடைத்தவர்கள் சாலையோரத்தில் சிறு சுத்தியலோடு உட்கார்ந்திருந்த ஏழைகள். பெண்களும் முதியவர்களும் அவர்களில் உண்டு. 1858-ல் ஈலி விட்னி பிளேக் என்ற அமெரிக்கர் கல்லுடைக்கும் எந்திரத்துக்கு உரிமை பெற்றார். நம் ஊர்ச் சாலையோரங்களில் சுத்தியல் ஓசை ஓய அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது, பனையோலை மறைப்பின் நிழலில், குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு கல் உடைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வைத்து அளந்து, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ரோடு இஞ்சின் வரும்போது அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். நாங்கள் இஞ்சினைப் பார்த்தோமே தவிர அவர்களைப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பௌலிங் கிரீன் என்னும் ஊரில், பழைய கட்டுமான எந்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அது நல்ல காரியந்தான். சுத்தியலுக்கு அருங்காட்சியகம் வைப்பது கடினம்; அது மிகச் சிறியது, எல்லாச் சுத்தியலும் ஒன்றுபோல் இருக்கும்.

அப்படியானால் பழைய எந்திரங்களை நேசிப்பதே தவறா? இந்த முடிவுக்கு வருகிறவர்களும் உண்டு. பழமையைப் பாராட்டுவது வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுவார்கள். அவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. கல்கத்தாவின் மாநகராட்சிப் பொறியாளராக இருந்த கிளார்க் 1863-ல் பர்மிங்காமைச் சேர்ந்த பேத்தோவுடன் சேர்ந்து அந்நகருக்கென ஒரு நீராவி உருளையை வடிவமைத்தார். அதற்கு முன் உருளையை இழுத்தவை மாடுகளும் மனிதத் தோள்களுந்தாம். அந்தத் தோள்களுக்கு வந்த விடுதலையை எந்திரத்தின் கணக்கில் வரவு வைக்காமல் இருப்பதும் ஓரவஞ்சனையே. பெரியத்தாவின் திறமையும் மெய். கால் வழியாகச் சரிவை உணர்ந்த அந்த அறிவு ஏட்டில் எழுதி வைக்கக்கூடியது அன்று. 1970-களில் கேட்டர்பில்லர் கிரேடர்கள் எண்ணெயழுத்த முறைக்கு மாறின. 2007-ல் வந்தவற்றில் ஓட்டும் சக்கரமும் நெம்புகோல் வரிசையும் போய், இரண்டு சிறு கைப்பிடிகள் வந்தன. இன்று விண்கோள்களின் குறிப்பைக் கொண்டு அலகு தானாகவே ஏறி இறங்குகிறது. மணிக்கட்டு முறிவதில்லை, மூடிய அறைக்குள் இரைச்சலும் புழுதியும் புகுவதில்லை. இழந்த திறமைக்காக நான் வருந்துகிறேன். ஆனால் அந்தத் திறமையை மீட்க ஒருவருடைய செவியை விலையாகக் கொடுக்கச் சொன்னால், கொடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு உணர்ச்சிகளும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிடக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

பழைய எந்திரங்களைப் புதுப்பிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துருவைச் சுரண்டி, பளபளக்கும் மஞ்சள் பூசி, நெம்புகோல்களுக்கு மெருகேற்றி நிறுத்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த பக்கம் எது என்று பிறகு தெரியாது. நான் 1979-ல் எழுதிய கட்டுரையும் அப்படிப் பூசிய மஞ்சள்தான்.

1991-ல் பெரியத்தாவை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில், பழைய இரும்பு வாங்கும் நண்பர் ஒருவரின் கிடங்கில் இறங்கினோம். மூலையில் ஒரு கிரேடர் கிடந்தது. இஞ்சினை ஏற்கனவே கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள், டயர்கள் இல்லை, அலகின் மேல் புல் முளைத்திருந்தது. அது அவர் ஓட்டிய வண்டியா என்று கேட்டேன். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, இல்லையென்று தலையசைத்தார். ஆனால் அந்த இனந்தான் என்றார். மெதுவாக ஏறி, இருக்கைக்கு முன்னால், பழைய வழக்கப்படி நின்றுகொண்டார். கோணலாகக் கூடிய வலக்கை மூன்றாவது நெம்புகோலைத் தேடிப் போய்ப் பிடித்தது. இறுகிப்போயிருந்தது, அசையவில்லை.

நண்பர் இதற்குள் தேநீர் வரவழைத்து, அலகை வெட்டினால் எத்தனை கிலோ தேறும் என்று என்னிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியத்தா இறங்கி வந்தார். தரையில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து அலகின் நடுவில் இரண்டுமுறை தட்டினார். நல்ல எஃகு, கிடங்கு முழுவதும் ஒலித்தது. வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியத்தா என் முகத்தைப் பார்த்தார்.

“சத்தம் வந்துச்சா, தம்பி?”

வந்தது என்று கையால் காட்டினேன்.